66 நூல்களா, 73 நூல்களா: மகனுக்கு என்ன பதில் சொல்வது?

நெல்லைச் சீமை மகள்:

நான் திருநெல்வேலிப் பக்கம் சி.எஸ்.ஐ. என்ற புராட்டஸ்டன்ட் சபையில் வளர்ந்தவள். வாழ்க்கைப்பட்டது தூத்துக்குடியில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில். இதனால் இரு வீட்டாருக்கும் மனக்கசப்பு ஏதும் இல்லை. இங்கே கணவருடன் திருப்பலிக்குப் போகிறேன். அம்மா வீட்டுக்குப் போனால் அவர் என்னோடு ஆராதனைக்கு வருகிறார். ஆனால் எங்கள் வேதாகமத்தில் 66 நூல்கள், இவர்களுடையதில் 73.

சென்ற மாதம் மாமனாரின் ஆண்டு நினைவு செபத்தில் 2 மக்கபேயர் 12-ஆம் அதிகாரத்திலிருந்து வாசித்தார்கள். போரில் இறந்த வீரர்களுக்காக யூதா மக்கபே பணம் திரட்டி, எருசலேமில் பாவம் போக்கும் பலி செலுத்த அனுப்புகிற பகுதி. வந்திருந்த என் அண்ணன் சாப்பாட்டு நேரத்தில், "இது வேதத்தில் இல்லாத புத்தகம். 1546-ல் திரெந்து நகரில் கூடிய ஆயர் சங்கத்தில் கத்தோலிக்கர்கள் சேர்த்துக்கொண்டது" என்றார். "நாங்கள் ஒன்றும் சேர்க்கவில்லை, லூத்தர்தான் ஏழு நூல்களை எடுத்துப் போட்டுவிட்டார்" என்றார் என் நாத்தனார். இருவரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். அதை எப்படியோ சமாளித்துவிட்டேன்.

என்னை வாயடைக்க வைத்தது மகன் கேட்டது. கல்லூரியில் படிக்கிறான். "எவையெல்லாம் வேதம் என்பதிலேயே உங்களுக்குள் உடன்பாடு இல்லை. அப்படியானால் உள்ளே இருப்பதை எதை வைத்து நம்புகிறீர்கள்?" என்று கேட்டுவிட்டு, அகசியா ராஜாவின் வயதைக் காட்டினான். 2 இராஜாக்கள் 8:26-ல் அவர் அரசராகும்போது வயது 22. 2 நாளாகமம் 22:2-ல் 42. அவருடைய தகப்பன் யோராம் 32 வயதில் ராஜாவாகி, எட்டு வருஷம் ஆண்டு, இறந்துபோகிறார். அதாவது மகன் தகப்பனைவிட இரண்டு வயது மூத்தவர்!

அவன் கேலிக்காகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறான். படித்தவர்கள் யாராவது பொறுமையாக விளக்குங்கள்.

வசனம் மட்டும்:

சகோதரி, உங்கள் அண்ணன் பக்கம்தான் நியாயம். தேவனுடைய வாக்கியங்கள் ஒப்படைக்கப்பட்டது யூதர்களிடம் என்று ரோமர் 3:2 சொல்கிறது. அவர்களுடைய 24 நூல்கள்தான் நம்முடைய 39. பிரித்து எண்ணும் முறைதான் வேறு. அந்த ஏழு நூல்களும் அவர்களிடம் இல்லை. இயேசுவோ அப்போஸ்தலரோ அவற்றிலிருந்து "எழுதியிருக்கிறதே" என்று ஓரிடத்திலும் மேற்கோள் காட்டவில்லை. இலத்தீன் வேதாகமத்தைத் தந்த ஜெரோமே அவற்றைத் தனியே ஒதுக்கினார். இறந்தவர்களுக்காக ஜெபிக்கும் வழக்கத்துக்கு ஆதாரம் வேண்டியிருந்ததால் திரெந்து சங்கம் அவற்றைச் சேர்த்தது. வெளிப்படுத்தின விசேஷம் 22:18 கூட்டுகிறவனுக்கு என்ன நேரிடும் என்று எச்சரிக்கிறது. மகனிடம் இதைச் சொல்லுங்கள்.

கேட்டறிபவன்:

உங்கள் மகன் சரியான இடத்தைத் தொட்டிருக்கிறார். பட்டியல் வானத்திலிருந்து விழவில்லை. 325-ல் நிசேயாவில் கான்ஸ்டன்டைன் பேரரசர் ஆயர்களைக் கூட்டினார். ஆட்சிக்கு ஒத்துவந்த நற்செய்திகள் நான்கையும் வைத்துக்கொண்டு மற்றவற்றை ஒழித்தார்கள். அப்படி மறைக்கப்பட்ட தோமா நற்செய்தி 1945-ல் எகிப்தில் நாக் ஹம்மாதி அருகே மண்ணுக்கடியில் கிடைத்தது. அதிகாரத்தில் இருந்தவர்கள் தேர்ந்தெடுத்த நூலை நான் ஏன் நம்ப வேண்டும்? இது யாரையும் புண்படுத்தச் சொல்வதல்ல.

பாளை மெய்ப்பாளர்:

சகோதரி, நான் பாளையங்கோட்டையில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தி ஓய்வு பெற்றவன். ஈய எழுத்துக் காலத்தில் தொடங்கிக் கணினி வரை பார்த்தாயிற்று. ஞானப்பாட்டுப் புத்தகம், வேதபாட நூல், சபைப் பஞ்சாங்கம் எல்லாம் என் மேசையைக் கடந்து போயிருக்கின்றன. நானும் சி.எஸ்.ஐ.தான். பட்டியலைவிட உங்கள் மகன் கேட்டதே பெரிது என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன்.

42 என்பது பிழை. அதைச் சுற்றிவளைத்துக் காப்பாற்ற வேண்டாம். பிள்ளைகள் அதைக் கண்டுபிடித்துவிடுவார்கள், நம்மேல் இருக்கும் நம்பிக்கையும் போய்விடும். பழைய சிரியாக் மொழிபெயர்ப்பிலும் சில கிரேக்கப் படிகளிலும் அதே இடத்தில் 22 என்றுதான் இருக்கிறது. எபிரேயத்தில் நகலெடுத்த யாரோ ஒருவருடைய கண் எங்கோ தவறியிருக்கிறது. என் தொழிலில் இது தினமும் நடப்பது. நான் பார்க்கச் சொல்வது, அதன் பிறகு நடந்ததை. தகப்பனின் வயது எங்கோ தொலைவில் இல்லை. முந்தின அதிகாரத்தின் கடைசி வசனத்தில், இரண்டே வசனங்களுக்கு முன்னால் இருக்கிறது. நகலெடுத்த ஒவ்வொருவரும் அதைத் தம் கையால் எழுதிவிட்டுத்தான் 42-க்கு வந்தார்கள். திருத்த ஒரு நொடி போதும். திருத்தவில்லை. முன்னால் இருக்கும் படியில் உள்ளதையே எழுதி அடுத்தவர் கையில் கொடுத்தார்கள்.

கலிலேயாக் கடற்கரையில் திபேரியா என்ற ஊரில் மசோரெத்தியர் எனப்பட்ட யூத அறிஞர்கள் இருந்தார்கள். உள்ளே ஓர் எழுத்து சரியில்லை என்று அவர்களுக்குப் பட்டால், அதைத் தொடமாட்டார்கள். வாசிக்க வேண்டியது இப்படி என்று ஓரத்தில் குறிப்பார்கள். ஒவ்வொரு நூலின் முடிவிலும் வசனங்களின் எண்ணிக்கையை எழுதிவைத்தார்கள். எங்கள் அச்சகத்திலும் அதுதான் சட்டம். ஆசிரியரின் கைப்பிரதியில் கைவைக்க மெய்ப்பாளனுக்கு உரிமை இல்லை. ஐயம் இருந்தால் ஓரத்தில் கேள்விக்குறி போட்டுத் திருப்பி அனுப்பலாம். பொய் சொல்ல நினைப்பவன் முதலில் சரிசெய்வது முரண்பாடுகளைத்தான். இவர்களோ அவற்றை அப்படியே கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள்.

எவ்வளவு சரியாகக் கொண்டுவந்தார்கள் என்பதைச் சோதிக்க 1947 வரை வழியில்லை. இன்று முழுமையாக எஞ்சியிருக்கும் எபிரேய வேதாகமப் படிகளில் மிகப் பழையது 1008-ல் எழுதிய லெனின்கிராட் படி. சாக்கடல் ஓரம் கும்ரான் குகையில் ஏசாயா சுருள் கிடைத்தது. ஏழு மீட்டருக்கு மேல் நீளம், நூல் முழுவதும் இருக்கிறது, கிறிஸ்துவுக்கு நூறு வருஷத்துக்கும் முந்தியது. நடுவில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி. ஒப்பிட்டார்கள். பெரும்பாலும் எழுத்துக்கூட்டல் வேறுபாடுகள். பொருளைத் தொடுகிற வேறுபாடுகள் சில.

அந்தச் சுருளில் 40-ஆம் அதிகாரத்தின் படத்தைப் பார்த்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது. "புல் உலர்ந்து பூ உதிரும்" என்ற வரி 7-ஆம் வசனத்திலும் வருகிறது, 8-ஆம் வசனத்திலும் வருகிறது. எழுதியவரின் படியில் முதல் "பூ உதிரும்" முடிந்ததும் நேரே அடுத்த "பூ உதிரும்" என்பதற்குப் பின்னால் போய்விடுகிறது. இடையில் உள்ள சொற்கள் இல்லை. ஒரே சொற்றொடர் இருமுறை வந்தால் கண் தாவும். விடுபாடு விழும் இடங்களில் இதுதான் முதன்மையானது என்று புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். பின்னால் வந்த இன்னொருவர் விடுபட்டதை வரிக்கு மேலே நுழைத்து, இடம் போதாமல் ஓரத்தில் கீழ்நோக்கி இறக்கி எழுதியிருக்கிறார். இரண்டு கையெழுத்தும் இன்றும் தெரிகிறது. நமது தேவனுடைய வசனம் என்றென்றைக்கும் நிற்கும் என்று சொல்கிற அதே இடத்தில்தான் இது நடந்திருக்கிறது.

எல்லா நூலும் இப்படியே பிசகாமல் வந்தது என்று சொல்லமாட்டேன். எரேமியாவின் கிரேக்க மொழிபெயர்ப்பு எபிரேயத்தைவிட எட்டில் ஒரு பங்கு அளவுக்குச் சுருக்கம். அந்தச் சுருக்க வடிவத்தைச் சேர்ந்த எபிரேயத் துண்டும் கும்ரானில் கிடைத்தது. ஆக, அந்நூல் பழங்காலத்திலேயே இரண்டு வடிவங்களில் உலவியிருக்கிறது. நம் வேதாகமத்தில் ஆறு முழமும் ஒரு சாணும் உயரமான கோலியாத், கும்ரான் சாமுவேல் சுருளில் நான்கு முழமும் ஒரு சாணும்தான். மாற்கு 16-ஆம் அதிகாரத்தின் கடைசிப் பன்னிரண்டு வசனங்கள் மிகப் பழைய இரண்டு கிரேக்கப் படிகளான சினாய் படியிலும் வத்திக்கான் படியிலும் இல்லை. விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணைப் பற்றிய யோவான் 8-ஆம் அதிகாரப் பகுதியும் அவற்றில் இல்லை. இதெல்லாம் வேதாகமத்தின் எதிரிகள் தோண்டி எடுத்த இரகசியங்கள் அல்ல. வேதாகமத்தை நேசித்தவர்களே படிப்படியாக ஒப்பிட்டு அடிக்குறிப்பில் போட்டிருக்கிறார்கள். உங்கள் மகனிடம் மறைக்க எதுவுமே இல்லை.

இனிப் பட்டியலுக்கு வருகிறேன். உங்கள் அண்ணன் சொன்னதும் நடக்கவில்லை, நாத்தனார் சொன்னதும் நடக்கவில்லை. திரெந்து சங்கம் 1546-ல் அறிவித்த நூல்களை 1442-லேயே புளோரன்சு சங்கம் பெயர் சொல்லி வரிசைப்படுத்திவிட்டது. லூத்தர் பிறந்ததே 1483-ல். அதற்கும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வட ஆப்பிரிக்காவில், 393-ல் ஹிப்போவிலும் 397-ல் கார்த்தேஜிலும் கூடிய ஆயர்கள் தோபித்து, யூதித்து, மக்கபேயர் எல்லாவற்றையும் சேர்த்தே எழுதினார்கள்.

லூத்தரும் எடுத்துப் போடவில்லை. 1534-ல் வந்த அவருடைய ஜெர்மன் வேதாகமத்தில் இந்நூல்கள் இரண்டு ஏற்பாடுகளுக்கும் நடுவே தனிப் பகுதியாக இருந்தன. வேதத்துக்குச் சமமல்ல, ஆனால் வாசிக்கப் பயனுள்ளவை, நல்லவை என்று தலைப்பிலேயே குறித்தார். 1611-ல் அச்சான ஆங்கிலேய அரசரின் வேதாகமத்திலும் அவை உண்டு. நம் நெல்லைச் சபைகளுக்குத் தாயான ஆங்கிலிக்கன் திருச்சபையின் 39 கட்டளைகளில் ஆறாவது, வாழ்க்கைக்கு முன்மாதிரியாகவும் நல்லொழுக்கப் போதனைக்காகவும் இவற்றை வாசிக்கலாம், கோட்பாட்டை நிறுவ மட்டும் எடுக்கக் கூடாது என்கிறது. தரங்கம்பாடியில் சீகன்பால்கு விட்டுப்போன வேலையை சூல்ட்சே 1728-ல் முடித்தபோது தமிழிலும் இவற்றை அச்சிட்டார். நம் சபைகளின் முதல் தமிழ் வேதாகமத்திலேயே மக்கபேயர் இருந்தது என்று உங்கள் அண்ணனுக்குச் சொல்லுங்கள். பிரித்தானிய வேதாகமச் சங்கம் இந்நூல்கள் சேர்ந்த பதிப்புகளுக்குப் பணம் தருவதில்லை என்று 1826-ல் முடிவெடுத்தது. மலிவு விலை வேதாகமத்தை ஊர் ஊராகக் கொண்டுபோனவர்கள் அவர்கள்தாம் என்பதால், அவர்கள் அச்சிட்ட 66-தான் வேதாகமம் என்று அடுத்த தலைமுறைகளுக்குப் பழகிப்போயிற்று.

ஏன் இரண்டு பட்டியல்? முதல் நூற்றாண்டுகளில் சபைகள் பெரும்பாலும் கிரேக்கத்தில் வாசித்தன. கிரேக்கத் தொகுப்பில் இந்நூல்கள் கூடவே இருந்தன. ஜெரோம் பெத்லகேமில் தங்கி யூதர்களிடம் எபிரேயம் கற்று, எபிரேயத்தில் உள்ளதே அளவுகோல் என்றார். ஹிப்போவின் ஆயர் அகுஸ்தீன், சபைகள் தலைமுறைகளாக வாசித்து வந்ததைத் தள்ளக் கூடாது என்றார். இருவரும் பெரியவர்கள். மேற்குத் திருச்சபை இருவரையும் மதித்து, இந்த வேறுபாட்டோடேயே ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தது. என்னைக் கேட்டால் நான் ஜெரோம் பக்கம். உங்கள் நாத்தனார் அகுஸ்தீன் பக்கம். அவ்வளவே.

"வசனம் மட்டும்" சகோதரருக்கு: ஜெரோமைப் பற்றியும் யூதர்களின் 24 நூல்களைப் பற்றியும் நீங்கள் சொன்னது சரி; நான் அந்தப் பக்கம் நிற்பதும் அதனால்தான். ஆனால் மேற்கோள் வாதத்தை விட்டுவிடுங்கள். எஸ்தர், பிரசங்கி, உன்னதப்பாட்டு ஆகியவற்றிலிருந்தும் புதிய ஏற்பாட்டில் நேரடி மேற்கோள் கிடையாது. யூதா 14-ஆம் வசனமோ ஏனோக்கின் நூலை அப்படியே எடுத்தாளுகிறது. அது நம் இருவர் பட்டியலிலும் இல்லை, எத்தியோப்பியத் திருச்சபையின் 81-ல்தான் இருக்கிறது. வெளிப்படுத்தின விசேஷத்தின் எச்சரிப்பு "இந்தப் புஸ்தகத்திலுள்ள" தீர்க்கதரிசன வசனங்களைப் பற்றியது. யோவான் அதை எழுதியபோது 66 நூல்களை ஒன்றாகக் கட்டிய புத்தகம் எவர் கையிலும் இல்லை.

"கேட்டறிபவன்" தம்பிக்கு: நிசேயாவில் இருபது சட்டங்கள் இயற்றினார்கள், அவை கையில் இருக்கின்றன. இயேசு படைக்கப்பட்டவர் என்ற ஆரியுசின் போதனை, பஸ்கா நாள், ஆயர்களின் ஒழுங்கு இவைதான் அங்கே பேச்சு. எந்த நூல் வேதம் என்று ஒரு சட்டம்கூட இல்லை. அங்கே முடிவாகியிருந்தால், 42 ஆண்டுகள் கழித்து 367-ல் அலெக்சாந்திரியாவின் அத்தனாசியுஸ் தம் பஸ்கா மடலில் புதிய ஏற்பாட்டின் 27 நூல்களைப் பட்டியலிட வேண்டிய தேவை என்ன? அதே நூற்றாண்டில் எழுதிய சினாய் படியில் நம் பட்டியலில் இல்லாத பர்னபாவின் நிருபமும் எர்மாவின் மேய்ப்பனும் சேர்ந்தே இருக்கின்றன. சிரியாக் சபைகளின் பெஷித்தா என்ற வேதாகமத்தில் புதிய ஏற்பாடு 22 நூல்கள்தாம். வெளிப்படுத்தின விசேஷம் அதில் இல்லை. பேரரசர் ஆணையிட்டிருந்தால் பட்டியல் இப்படி ஊருக்கு ஊர் மாறுமா?

ஆணையிட யாருமே இல்லாத காலத்தில் நடந்த ஒன்றைக் கேளுங்கள். சுமார் 200-ஆம் ஆண்டு. அந்தியோக்கியாவின் ஆயர் செராப்பியோன் ரோசுஸ் என்ற ஊருக்குப் போகிறார். அங்கே பேதுரு நற்செய்தி என்று ஒன்றை வாசிக்கிறார்கள். வாசித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறார். பிறகு அந்நூலை இரவல் வாங்கிப் படிக்கிறார். பெரும்பகுதி சரியான போதனைதான், சில இடங்களில் புதிதாகச் சேர்த்திருக்கிறார்கள் என்று கண்டு, எவை என்று குறித்து அந்தச் சபைக்கு எழுதுகிறார். அவரிடம் படையும் இல்லை, சிறையும் இல்லை. கிறிஸ்தவனாக இருப்பதே ஆபத்தாக இருந்த காலம். நூல்கள் நின்றதும் விழுந்ததும் பெரும்பாலும் இப்படித்தான்: கையில் எடுத்து வாசித்து, அப்போஸ்தலரிடமிருந்து கேட்டு வந்ததோடு பொருந்துகிறதா என்று பார்த்து. தோமா நற்செய்தி 114 வாக்குகளின் தொகுப்பு. சிலுவை மரணத்தின் வரலாறும் இல்லை, உயிர்த்தெழுதலும் இல்லை. மற்ற சபைகள் அதைத் தங்கள் நற்செய்தியாக ஏற்காததற்கு அரசியல் காரணம் தேட வேண்டியதில்லை.

கேட்டறிபவன்:

ஐயா, நிசேயாவைப் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் உண்மையாக நகலெடுத்தார்கள் என்பதும், எழுதியது உண்மை என்பதும் வேறு வேறு அல்லவா? ஏரோது இருக்கும்போது இயேசு பிறந்தார் என்கிறது மத்தேயு. சிரேனியு ஆளுநராக இருந்தபோது நடந்த குடிமதிப்பில் பிறந்தார் என்கிறது லூக்கா. ஏரோது இறந்தது கி.மு. 4 என்பது பெரும்பான்மைக் கருத்து. அந்தக் குடிமதிப்பை யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் கி.பி. 6-ல் வைக்கிறார். கிட்டத்தட்ட பத்து ஆண்டுகள் இடிக்கிறதே.

பாளை மெய்ப்பாளர்:

தம்பி, வேறு வேறுதான். இடிப்பதும் உண்மைதான். அதற்கு எத்தனையோ சமாதானங்கள் எழுதியிருக்கிறார்கள். எதுவும் என்னைத் திருப்திப்படுத்தவில்லை. அந்த இடத்தில் ஓரத்தில் கேள்விக்குறி போட்டிருக்கிறேன்.

ஆனால் சோதிக்க முடிகிற இடங்களில் வேதாகமம் எப்படி நிற்கிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். கி.மு. 701-ல் அசீரிய அரசன் சனகெரிப் யூதாவின்மேல் படையெடுத்தான். எசேக்கியா முந்நூறு தாலந்து வெள்ளியும் முப்பது தாலந்து பொன்னும் கட்டியதாக 2 இராஜாக்கள் 18:14 சொல்கிறது. சனகெரிப் களிமண்ணில் எழுதிவைத்த பட்டயத்தில் பொன் அதே முப்பது தாலந்து. வெள்ளி மட்டும் எண்ணூறு. எசேக்கியாவைக் கூண்டுப் பறவை போல் எருசலேமில் அடைத்தேன் என்கிறான். நகரத்தைப் பிடித்தேன் என்று சொல்லவில்லை. நகரம் விழவில்லை என்றுதான் வேதாகமமும் சொல்கிறது. நம் ராஜா ஆலயக் கதவுகளின் பொன்தகட்டைப் பெயர்த்துக் கொடுத்தான் என்ற அவமானத்தையும் மறைக்காமல் எழுதியிருக்கிறது. எதிரி தன் பெருமைக்காக எழுதியதும் இவர்கள் தங்கள் வெட்கத்தோடு எழுதியதும் இவ்வளவு ஒத்துப்போகின்றன. தாவீது என்று ஓர் அரசன் இருந்தானா என்றே கேட்டுக்கொண்டிருந்தார்கள். 1993-ல் வட இஸ்ரேலின் தெல் தானில் கிடைத்த அரமேயக் கல்வெட்டில் "தாவீதின் வீடு" என்று வருகிறது.

கல்வெட்டும் சுருளும் அவ்வளவு தூரம்தான் வரும். கல்லறை காலியாக இருந்ததா என்பதை எந்தச் சுருளும் தீர்க்காது. சொன்னவர்களின் வார்த்தையை நான் நம்புகிறேன். சொன்னதை மாற்றாமல் கொண்டுவந்தவர்களைப் பற்றி எனக்குத் தெரியும் என்பதால் அந்த நம்பிக்கை எனக்கு வலுப்படுகிறது. உங்களுக்கு அது போதாது என்றால், அதில் நியாயம் இல்லை என்று சொல்லமாட்டேன்.

வசனம் மட்டும்:

ஐயா, 1728-ஆம் ஆண்டுத் தமிழ் அச்சைப் பற்றி இதுவரை நான் கேள்விப்பட்டதில்லை. ஆனாலும் இறந்தவர்களுக்காக ஜெபிப்பதற்கு மக்கபேயரை ஆதாரமாக ஏற்க என் மனசாட்சி இடங்கொடுக்கவில்லை.

பாளை மெய்ப்பாளர்:

ஏற்க வேண்டாம் சகோதரரே. நான் சொன்ன ஆங்கிலிக்கன் ஆறாவது கட்டளையும் உங்களிடம் அதைக் கேட்கவில்லை. வாசிக்கலாம் என்கிறது.

நெல்லைச் சீமை மகள்:

ஐயா, மகனையும் உட்காரவைத்து எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். 42-ஐ யாரும் திருத்தவில்லை என்ற இடத்தில் நிறுத்தச் சொல்லி, தானே 2 நாளாகமம் 21-ஐ எடுத்துப் பார்த்தான். இப்போது அந்த ஏழு நூல்களையும் வாசிக்க வேண்டும் என்கிறான். நானும் முழுவதும் வாசித்ததில்லை. எங்கிருந்து தொடங்குவது?

பாளை மெய்ப்பாளர்:

உங்கள் கணவர் வீட்டில் 1995-ல் வந்த பொது மொழிபெயர்ப்பு, திருவிவிலியம், இருக்கும். கத்தோலிக்கரும் நம்மவர்களும் சேர்ந்து செய்தது. இரு ஏற்பாடுகளுக்கும் நடுவே இணைத் திருமுறை என்ற பகுதியைத் திறந்து, 1 மக்கபேயர் முதல் நான்கு அதிகாரங்களை ஒரே மூச்சில் வாசியுங்கள். அந்நியர் தீட்டுப்படுத்திய ஆலயத்தை யூதா மக்கபே மீட்டு, பலிபீடத்தைப் புதிதாகக் கட்டி அர்ப்பணித்து, ஆண்டுதோறும் அந்த நாளைக் கொண்டாட ஏற்பாடு செய்கிறார். உடனே யோவான் 10:22-க்கு வாருங்கள்: எருசலேமில் தேவாலயப் பிரதிஷ்டை பண்டிகை, மாரிகாலம், இயேசு ஆலயத்தில் உலாவுகிறார். 66 நூல்களுக்குள் தேடினால் அந்தப் பண்டிகை எப்படி வந்தது என்று எங்குமே இருக்காது.

அடுத்து 2 மக்கபேயர் 7. ஒரு தாயும் ஏழு மகன்களும். கடினமான அதிகாரம், நிதானமாக வாசியுங்கள். அதை முடித்ததும் எபிரெயர் 11:35-ஐ மகனையே வாசிக்கச் சொல்லுங்கள். உங்கள் அண்ணன் வந்திருந்தால் அவரையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.